‘நிலை’ என்கிற பத்தி: மறுமணம், பதிவேடு, குடும்ப ஞாபகம்

நம் குடும்பங்கள் சொல்லிக்கொள்ளும் வம்சக் கதைகளில் விதவைகள் நிறைய இருக்கிறார்கள். மறுமணம் செய்துகொண்ட விதவைகள் அநேகமாக இல்லை. இருபது வயதில் தாலியறுத்து, வெள்ளைச் சேலையோடு எண்பது வயதுவரை இருந்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் போன கிழவி எல்லா வீட்டிலும் உண்டு. அவளைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் குரல் தழுதழுக்கும். ஆண்களின் இரண்டாந்தாரம்கூடப் பேச்சில் சகஜமாக வரும்: மூத்தகுடியாள் பிள்ளை, இளையகுடியாள் பிள்ளை, பங்கு எப்படிப் பிரிந்தது, எந்தக் கிணறு யாருக்கு. பெண்ணின் இரண்டாம் கல்யாணம் என்று வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. “அதெல்லாம் நம்மள்ல கெடையாது” என்று ஒரு வாக்கியம். இந்தக் ‘கெடையாது’ எப்போது உண்டானது, யார் உண்டாக்கினார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இதற்குப் பதில் வாங்க முடியாது.

வாய்மொழி என்றால் அடித்தள மக்களின் குரல், எழுத்து ஆவணம் என்றால் அதிகாரத்தின் குரல் என்று பிரித்துப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. பல இடங்களில் அந்தப் பிரிவினை சரியானதும்கூட. ஆனால் மறுமண விஷயத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. சாதி மானத்துக்காக வாய்மொழி மூன்று தலைமுறைக்குள் துடைத்துப்போட்ட ஒரு பெண்ணை, அதிகாரத்தின் பதிவேடு, தன் காரியத்துக்காகத்தான் என்றாலும், பெயரோடு வைத்திருக்கிறது.

எந்தப் பதிவேடு? இந்துத் திருமணத்துக்குப் பதிவேடு என்று ஒன்று தமிழ்நாட்டில் வெகுகாலம் இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பதிவுக்கு வழி செய்தது. பதியாவிட்டாலும் கல்யாணம் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. எல்லா மதத்தாருக்கும் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009இல்தான். ஆகவே பழைய தலைமுறைகளைத் தேடுகிறவருக்குக் கிடைப்பவை சில வகைகளே: கோயில் பதிவேடுகள் (கிறிஸ்தவக் கோயில்களைச் சொல்கிறேன்), முஸ்லிம் ஜமாத்துகளின் நிக்காஹ் தப்தர்கள், 1880ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சு அரசு வைத்த குடிமைப் பதிவேடுகள், யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் வைத்த தோம்புகள். இவற்றில் கோயில் பதிவேட்டைப் பற்றியே இங்கு அதிகம் பேசப்போகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் மறுமணம் வழக்கத்தில் இருந்த சாதிகளிலிருந்து வந்தவர்கள். மதம் மாறினாலும் கல்யாண வழக்கம் அத்தனை சீக்கிரம் மாறிவிடுவதில்லை. எனவே இந்தப் பதிவேட்டில் தெரிவது கிறிஸ்தவர்களின் கதை மட்டுமில்லை, அவர்களின் பங்காளிகள் கதையும்தான்.

பதிவேட்டுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்து சங்கத்தின் முடிவால் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்துக்குத் தனிப் படிவம் கொண்டுவந்தது. 1837இல் அரசுப் பதிவு தொடங்கியபோது படிவத்தில் வயது, தொழில், தகப்பன் பெயர், தகப்பன் தொழில் என்று பத்திகள் கூடின. அவற்றில் ஒன்று ‘நிலை’. மணமாகாதவரா, துணையை இழந்தவரா? நம்மூரில் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் அச்சடித்து வந்த படிவத்திலும் அதே பத்தி உண்டு. திருச்சபையும் அரசும் கைம்பெண்ணின் மேல் கொண்ட கரிசனத்தால் இதைக் கேட்கவில்லை. ஒருத்திக்கு இரண்டு புருஷன், ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி ஒரே சமயத்தில் இருந்துவிடக் கூடாது. சொத்து யாருக்கு என்பதில் குழப்பம் வரக் கூடாது. கண்காணிப்புக்காகப் போட்ட பத்திதான். அந்தப் பத்தியை நாம் வேறு காரியத்துக்கு வாசிக்கிறோம்.

இந்தப் பத்தியை நிரப்பத் தமிழில் சொல் தேடியவர்கள் பட்ட பாடு தனிக் கதை. பெண்ணுக்குச் சொல் பஞ்சமே இல்லை: கைம்பெண், விதவை, அமங்கலி, அறுதலி, தாலியறுத்தவள், முண்டச்சி. பாதி வசைச் சொற்கள். பெண்டாட்டி செத்த ஆணுக்குப் பேச்சுத் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் துறைகளில் ‘தபுதார நிலை’ என்று ஒன்றைச் சொல்லும். அங்கிருந்து எடுத்த ‘தபுதாரர்’தான் இன்று அரசுப் படிவங்களில் இருக்கிறது, படிவத்துக்கு வெளியே யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அதே இலக்கணம் கணவனை இழந்தவளின் நோன்புக்கு ‘தாபத நிலை’ என்று பெயர் வைக்கிறது. அவனுக்கு இழப்பு ஒரு நிலை, அவளுக்குத் தவம் ஒரு நிலை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இவ்விரண்டையும் துறை விளக்கமாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம்.

சரி, பதிவேட்டை எப்படி வாசிப்பது? ஆங்கிலேயக் குடும்ப வரலாற்றுக்காரர்களிடம் ஓர் எளிய உத்தி உண்டு. அங்கே விதவை மறுமணத்துக்கு வரும்போது செத்துப்போன புருஷனின் குடும்பப் பெயரோடு வருவாள். தகப்பன் பத்தியில் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் ஒரு கல்யாணம் இருந்திருக்கக்கூடும் என்று தேடப் போகலாம். ஸ்காட்லாந்தில் 1855இல் அரசுப் பதிவு தொடங்கியபோது முந்தைய கல்யாணத்தையும் அதில் பிறந்த பிள்ளைகளையும்கூடக் கேட்டு எழுதினார்கள். வேலைப்பளு தாங்காமல் அடுத்த வருஷமே அதை விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வருஷப் பதிவு ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் பொக்கிஷம்.

நமக்கு இந்த உத்தி உதவாது. குடும்பப் பெயர் நம் வழக்கமில்லை. மரியாள், மரியாள், மரியாள் என்று ஒரே பெயர் பக்கம் பக்கமாக வரும். தகப்பன் பத்தியில் தகப்பனை விட்டுவிட்டு ‘இன்னாரின் கைம்பெண்’ என்று எழுதியிருந்தால் அவள் பிறந்த வீட்டை இழக்கிறோம். ஆனால் முதல் புருஷனின் பெயரை அடைகிறோம். லத்தீனில் எழுதிய கத்தோலிக்கப் பதிவேட்டில் ‘விதுவா’, ‘ரெலிக்தா’ என்ற சொற்களைக் கண்டால் நிற்க வேண்டும். இரண்டாவது சொல்லுக்கு ‘விட்டுச்செல்லப்பட்டவள்’ என்று பொருள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பது இறந்தவனின் பெயராக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடக்கப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அவன் எப்போது இறந்தான்? அங்கிருந்து பின்னால் போய் முதல் கல்யாணம், பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டில் முதல் கல்யாணத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் பெயர் பிறகு எங்கே வருகிறது, தாயோடு புதுவீட்டுக்குப் போனார்களா, அப்பன் வீட்டிலேயே தங்கினார்களா என்பதை அவர்களின் கல்யாணப் பதிவில் ‘குடியிருப்பு’ப் பத்தி காட்டிக்கொடுக்கும். சாட்சிகளின் பெயரையும் விடக் கூடாது. மறுமணத்துக்கு முதல் புருஷனின் அண்ணனோ தம்பியோ சாட்சிக் கையெழுத்து, அல்லது கைநாட்டு, போட்டிருந்தால் அந்தக் கல்யாணம் திருட்டுத்தனமாக நடக்கவில்லை, உறவு சம்மதித்து நடந்தது என்று அர்த்தம். நாலு வரிப் பதிவில் இவ்வளவு இருக்கிறது.

பங்குப் பதிவேடுகளை எண்ணிக் கணக்கிட்டுத்தான் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை 1981இல் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை ஏற்கெனவே துணையை இழந்தவர்களாக இருக்கலாம் என்றும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பதினொன்று சொச்சமாகக் குறைந்தது என்றும் அவர்கள் கணக்கு. சாவு குறையக் குறைய மறுமணமும் குறைந்தது. நம் பங்குப் பதிவேடுகளை வைத்து யாராவது இப்படி உட்கார்ந்து எண்ண வேண்டும். 1876-78 பஞ்சத்துக்கும் 1918 இன்ஃப்ளுயன்சாவுக்கும் அடுத்துவந்த இரண்டு மூன்று வருஷங்களில் ‘நிலை’ப் பத்தி எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால்கூடப் போதும். ஆண் எத்தனை மாதத்தில் மறுபடி கட்டினான், பெண் எத்தனை வருஷத்தில் கட்டினாள் அல்லது கட்டவேயில்லை என்பதை ஊர் வாரியாக, சாதி வாரியாகச் சொல்லிவிடலாம்.

இன்னொரு தடயம், எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் ‘சித்தி’ என்றால் அம்மாவின் தங்கை, மாற்றாந்தாயும் சித்திதான். இரண்டும் ஒரே ஆளாக இருந்த வீடுகள் ஏராளம். அக்காள் பிரசவத்தில் செத்தால் தங்கையைக் கட்டிவைப்பது நம் வழக்கம். பிள்ளையும் சொத்தும் வெளியே போகாது. ஆனால் திருச்சபை இதைத் தடுத்தது. ஆங்கிலத் திருச்சபையின் தடைப் பட்டியலில் இறந்த மனைவியின் சகோதரி உண்டு. இங்கிலாந்திலேயே அந்தத் தடை 1907இல்தான் சட்டத்திலிருந்து போனது. கத்தோலிக்கத்தில் இது சம்பந்த உறவுத் தடை. ஆயரிடம் விலக்கு வாங்கித்தான் மந்திரிக்க முடியும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில்தான் இந்தக் கொழுந்தி விஷயத்தில் தடை நீங்கியது. ஆக, அதற்கு முந்தைய கல்யாணப் பதிவில் ‘விலக்கு பெற்று’ என்ற குறிப்பு இருந்தால் எந்தத் தடைக்கான விலக்கு என்று பார்க்க வேண்டும். இரத்த உறவு என்றால் மாமன் மகள், அத்தை மகன். சம்பந்த உறவு என்றால் அங்கே செத்துப்போன ஓர் அக்காள் இருக்கிறாள். குடும்ப மரத்தில் எழுதப்படாமல் போன அக்காள். ரோமாபுரியின் சட்டமும் நம் முறைப்பெண் வழக்கமும் மோதிக்கொண்ட இடத்தில் அவள் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மறுமணம் என்றால் சாவுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் கதையைத்தான் பிடிப்போம். ஒருவர் கிறிஸ்தவராகி, மற்றவர் சேர்ந்து வாழ மறுத்துவிட்டால் நீதிமன்றத்தில் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்துகொண்டு மறுபடி மணக்க 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் கொடுத்தது. கத்தோலிக்கத்தில் இதற்கே ‘பவுலின் சலுகை’ உண்டு. இவர்கள் பதிவேட்டில் கைம்பெண்ணாக வர மாட்டார்கள். அப்புறம் காணாமல்போன புருஷர்கள். கண்டிச் சீமைக்கும் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம். ஏழு வருஷம் கேள்விப்படாத துணையை விட்டு மறுபடி மணப்பதைக் குற்றமாகக் கொள்ளாமல் விட்டது இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவு. இந்தப் பெண்களின் ‘நிலை’ என்ன? சாமியார் எதை எழுதினார்? ‘கைம்பெண்’ என்று எழுதியிருந்து, அடக்கப் பதிவேட்டில் புருஷன் இல்லையென்றால், அவன் வேறு ஊரில் செத்திருக்கலாம், சாகாமலும் இருந்திருக்கலாம். ‘கன்னி’ என்று எழுதியிருப்பதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. படிவத்துக்குச் சொன்ன பதில்தானே.

இந்துக் குடும்பத்தில் கல்யாணப் பதிவு இல்லாவிட்டால் சொத்துப் பத்திரத்தில்தான் தேட வேண்டும். 1856ஆம் ஆண்டு இந்து விதவை மறுமணச் சட்டத்தை ஈஸ்வரசந்திர வித்யாசாகரின் வெற்றியாகப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அதன் 2ஆம் பிரிவைப் படிப்பதில்லை. மறுமணம் செய்துகொள்ளும் விதவை, முதல் புருஷனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை அந்த நிமிஷமே, செத்துவிட்டவளைப் போல இழக்கிறாள் என்கிறது அது. மறுமணமே அறியாத மேல்சாதிப் பெண்ணுக்கு இது பாதிச் சலுகை. ஏற்கெனவே வழக்கப்படி மறுமணம் செய்துவந்த சாதிப் பெண்ணுக்கு? இருந்ததும் போனது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அப்படி வழக்கமுள்ள சாதிகளுக்கு இந்தப் பறிப்பு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1877இலேயே ஒரு மறவர் பெண்ணின் வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது: சாதியில் மறுமணம் வழக்கம்தான், ஆனாலும் முதல் புருஷன் சொத்து போய்விடும். விதவை என்பவள் செத்த கணவனின் உடம்பில் பாதி, அந்தப் பாதி இன்னொருவனுக்குப் போனபிறகு சொத்து எப்படி நிற்கும் என்கிற சாஸ்திர தர்க்கம் மறவர் குடிசைக்குள் நீதிமன்றம் வழியாக நுழைந்தது. லூசி கரோல் 1983இல் இந்தச் சட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். நம் பெண்ணியப் பக்கங்களில் அது இன்னும் கூடுதலாகப் பேசப்பட வேண்டும்.

தேடுகிறவருக்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது. பத்திரங்களில் ‘மைனர் இன்னாருக்குத் தாயும் கார்டியனுமான இன்னாள்’ என்று வந்துகொண்டிருந்த பெண், சில வருஷம் கழித்துக் காணாமல்போய், அந்த இடத்தில் சித்தப்பனோ தாத்தாவோ கார்டியனாக வந்தால், அவள் இறந்தாள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, மறுமணம் செய்தவளின் பிள்ளைகளுக்கு வேறு கார்டியனை நியமிக்கக் கேட்கும் உரிமையைக் கணவன் வீட்டாருக்குக் கொடுத்தது. சட்டம் ‘செத்தவளைப் போல’ என்றது; குடும்பம் அதையே நிஜமாக்கிச் ‘செத்துப்போயிட்டா’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டது என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. டச்சு அதிகாரி க்ளாஸ் ஐசாக்ஸ் 1706-07இல் தொகுத்து, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட அந்தத் தொகுப்பு மறுமணத்தை ஒரு கலாசார அதிர்ச்சியாக அல்ல, கணக்குப் பிரச்சினையாகப் பார்க்கிறது. மனைவி இறந்து கணவன் மறுபடி மணந்தால், பிள்ளைகளைப் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டி எடுத்துக்கொள்வாள். அவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், இருவரும் சேர்ந்து தேடிய தேடியதேட்டத்தில் பாதியையும் அவன் ஒப்படைக்க வேண்டும். விதவை மறுமணம் செய்தாலும் முதல் கல்யாணத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சீதனப் பொறுப்பு இருக்கிறது. சாதியும் அடிமைமுறையும் அப்படியே பதிந்திருக்கிற தொகுப்புதான் அது, கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் மறுபடி மணந்த பெண்ணைச் செத்தவளாகக் கருதச் சொல்லவில்லை.

‘நம்மள்ல கெடையாது’க்கு வருவோம். ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்பது இன்றும் வசை. ஒருகாலத்தில் தமிழ்நாட்டுச் சாதிகளில் மிகப் பெரும்பான்மைக்கு அது வெறும் வழக்கமாக இருந்தது. தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைப் புரட்டினால் சாதிக்குச் சாதி விதவை மறுமணம் உண்டு, இல்லை என்ற குறிப்பு வரும். வீட்டுக்குள்ளேயே கட்டும் ‘நடுவீட்டுத் தாலி’ போன்ற பெயர்களும் வரும். லூயி துய்மோன் 1957இல் பிரெஞ்சில் வெளியிட்ட பிரமலைக் கள்ளர் ஆய்வில் தீர்த்துக்கொள்வதும் மறுபடி கட்டிக்கொள்வதும் எவ்வளவு இயல்பாக நடந்தன என்று எழுதுகிறார். இந்தக் கேள்வியை ஏன் எல்லாரும் கேட்டார்கள்? 1901 கணக்கெடுப்பில் ரிஸ்லி சாதிகளை அந்தஸ்து வரிசையில் நிறுத்தச் சொன்னார். விதவை மறுமணம் இல்லாதவர்கள் மேலே, உள்ளவர்கள் கீழே என்பது அந்த வரிசையின் அளவுகோல்களில் ஒன்று. மேலே ஏற விரும்பிய சாதிச் சங்கங்கள் என்ன செய்திருக்கும்? பூணூல் போட்டார்கள், பெயரை மாற்றினார்கள், விதவையை வீட்டுக்குள் உட்காரவைத்தார்கள். முதலில் தடை, பிறகு ‘எப்பவுமே இப்படித்தான்’ என்கிற ஞாபகம். சமஸ்கிருதவயமாதல் என்று சமூகவியல் இதற்கு மொழுமொழுவென்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. நடந்தது பெண்களிடமிருந்து ஓர் உரிமையைப் பிடுங்கியது.

இதே சமயத்தில்தான் சீர்திருத்தக்காரர்கள் மறுமணத்தை ‘வழங்க’ வந்தார்கள். வீரேசலிங்கம் 1881 டிசம்பர் 11 அன்று ராஜமுந்திரியில் நடத்திய விதவைத் திருமணம் துணிச்சலான காரியம், சந்தேகமில்லை. பாரதி முடிக்காமல் விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் விசாலாட்சி வீரேசலிங்கத்தைத் தேடிப் போகிறாள், அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’யை எழுதினார். ஆனால் நவீன இலக்கியம் விதவை என்று யாரைப் பார்த்தது என்று கவனியுங்கள். பிராமண வீட்டுப் பெண்ணின் துயரம் ‘தமிழ் விதவை’யின் துயரமாகியது. அதே தெருவுக்கு அப்பால் இரண்டாவது புருஷனோடு நடவு நட்டுக்கொண்டிருந்தவள் பிரச்சினையாகவே தெரியவில்லை. ஆகவே பிரதிக்குள்ளும் வரவில்லை. அவளை ஏதோ ஒரு பங்கு அலுவலகத்து இரும்புப் பெட்டிக்குள் பூச்சி அரித்த பதிவேட்டில் தேட வேண்டியிருக்கிறது.

சுயமரியாதை இயக்கம் இங்கே வேறுபடுகிறது. 1929 செங்கல்பட்டு மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்ணுக்குச் சொத்துரிமையையும் சேர்த்தே தீர்மானமாக்கியது. சலுகை ஒரு கையில், பறிப்பு மறு கையில் என்று 1856இல் நடந்ததற்கு அது நேர் பதில். ‘குடி அரசு’ இதழ் அந்தக் கல்யாணங்களைச் செய்தியாகத் தொடர்ந்து போட்டது. யார், எந்த ஊர், யார் தலைமை என்று. பதிவாளர் பதியாத கல்யாணத்துக்குப் பத்திரிகையே பதிவேடானது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அந்தப் பழைய இதழ்களை இந்தக் கண்ணோடும் புரட்ட வேண்டும். நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்: 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் சொன்னது. அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த திருத்தம்தான் முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து அங்கீகாரம் தந்தது.

1856 சட்டத்தை 1983இல் ரத்து செய்துவிட்டார்கள். அதற்கு முன்பே 1956 வாரிசுரிமைச் சட்டத்தால் நிலைமை மாறியிருந்தது; ஆனால் அதிலும் மறுமணம் செய்த மகன் மனைவி போன்ற சில விதவைகளுக்கு வாரிசுரிமையை மறுத்த 24ஆம் பிரிவு 2005 வரை இருந்தது. மறுவருஷம், 2006இல், எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது, இரு தரப்பாரின் வயதையும் நிலையையும் தெளிவாக எழுத வேண்டும் என்றது. ‘நிலை’க்கு உதாரணமாக அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்களைப் போட்டிருந்தது: மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர். கைம்பெண் என்ற சொல்லை அங்கே காணோம். அந்தப் படிவங்களை நிரப்புகிற இடங்களில், சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் போய், மறுமணத்துக்கு வருகிற கைம்பெண்ணுக்கு என்ன எழுதுகிறீர்கள், அவள் என்ன எழுதச் சொல்கிறாள் என்று யாராவது கேட்டுக் குறித்துவைத்தால், அடுத்த தலைமுறை தேடுகிறவர்களுக்கு உதவும்.